பிரிவு பதினான்கு

செக்காலை சாலையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
என் அலுவலகம்.
காரைக்குடியிலிருந்து கடல் பார்க்க
ஒரு மணி நேரமாவது போக வேண்டும்.
என் மேசையில் மட்டும் எப்போதும்
ஏதோ ஒரு கப்பல் தாமதமாகிக்கொண்டிருக்கும்.

அந்த ஐப்பசியில் தாமதமானது
பள்ளத்தூர் அடைக்கம்மையின் சீப்புச்சீடை.
டர்பனுக்கு ஒரு கண்டெய்னர்,
இரண்டாயிரத்து நூறு பெட்டி.
தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் இறங்கி,
அடுத்த கப்பல் வராமல்
பத்தொன்பது நாள் மழையில் நின்றது.
வாங்கியவர் மின்னஞ்சலில் ஒரே வரி:
'சரக்கு உடையவில்லை, வளைகிறது.'

ஒப்பந்தத்தைப் புரட்டினேன்.
எஃப்.ஓ.பி. தூத்துக்குடி.
கப்பலில் ஏறி அமர்ந்த நொடியோடு
நம் பொறுப்பு முடிந்தது.
அப்புறம் பெய்த மழை வாங்கியவருடையது,
கொழும்பும் அவருடையதே.
கிரேனில் தொங்கிய அந்த அரை நிமிடம் மட்டும்
நம் வயிற்றைக் கலக்கலாம்.
பழைய விதியில் கப்பல் விளிம்புக்கு நேர் மேலே
காற்றில் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார்கள்;
அதைத் தாண்டினால் அவன் பாடு.

சிரிக்கப் போனேன்.
பக்கத்தைத் திருப்பினால் பிரிவு பதினான்கு:
'சென்றடையும் இடத்தில் சரக்கு
மொறுமொறுப்பாக இருக்கும் என்று
விற்பவர் உறுதியளிக்கிறார்.'
துறைமுகத்தில் விட்டுவந்த பொறுப்பை
கையைப் பிடித்து மறுபடி
டர்பன் வரை கூட்டிப்போகிற வரி.
எவன் எழுதினான் இதை என்று
வாயைத் திறந்தேன்.
ஓரத்தில் என் சுருக்கொப்பம்.

"போய்ச் சேரயில மொறுமொறுன்னு இருக்கணும்
வக்கீலம்மா, அதையும் போட்டுருங்க."
போட்டேன்.
ஆங்கிலத்தில் கிரிஸ்ப் என்று ஒற்றைச் சொல்.
அதற்கும் சேர்த்துக் கட்டணம் ஏழாயிரம்.

நடுவர் சிங்கப்பூரில், பகல் இரண்டு மணி.
எனக்குப் பதினொன்றரை.
டர்பன் வக்கீலுக்குக் காலை எட்டு,
பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.
ஈரப்பதம் மூன்று விழுக்காட்டைத் தாண்டினால்
அது கிரிஸ்ப் இல்லை என்கிறார் அவர்.
ஒப்பந்தத்தில் எண்ணே இல்லையே என்கிறேன் நான்.
பகலில் அது என் பலம்.
இரவில் அதே வாக்கியம்
கண்ணை மூட விடவில்லை.

இரண்டாம் நாள் அடைக்கம்மை சாட்சி.
"தரத்தை எப்படிச் சோதிக்கிறீர்கள்?"
என்னைக் கேட்கவில்லை, பார்க்கவும் இல்லை.
பையிலிருந்து ஒரு சீடையை எடுத்து
லேப்டாப்புக்குப் பக்கத்தில் குனிந்து
கடித்தார்.

மூன்று நாடும் சற்று நேரம் பேசவில்லை.
நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் வந்த விசாரணைப் பதிவு,
அறுபத்தொன்றாம் பக்கம்:
'சாட்சி: (தெளிவாகக் கேட்கவில்லை).'

தீர்ப்பு வரை போகவில்லை.
நடுவர் கட்டணம் சரக்கு விலையை எட்டிப் பிடிக்க
இரு பக்கமும் இறங்கி வந்தோம்.
நட்டத்தில் நாற்பது நமக்கு, அறுபது அவர்களுக்கு.
"அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது" என்றேன்.
"தெரியும்" என்று சொல்லி
காசோலையைக் கிழித்துக் கொடுத்தார்.
வாங்கிக்கொள்ளக் கை கூசியது,
வாங்கிக்கொண்டேன், அலுவலக வாடகை இருந்தது.

தை மாதம் அதே டர்பன்காரரோடு புது ஒப்பந்தம்.
பதினான்கை எடுத்துவிட்டேன்.
ஏற்றும் நாளில் ஈரப்பதம் இரண்டரைக்கு மிகாமல்,
ஆய்வகச் சான்று, உறைக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம்,
வழியில் நனைந்தால் காப்பீடு.
எல்லாவற்றையும் படித்துவிட்டு
"அந்தச் சொல்லு எங்க?" என்றார்.
"அது ஆபத்து."
"அதை எடுத்துட்டா நான் எதை விக்கிறேன்?"

பதில் என்னிடம் இருந்தது, நீளமாக.
அதற்குள் என் பேனாவை வாங்கி
ஓரத்தில் தமிழில் எழுதிவிட்டார்:
மொறுமொறுன்னு.

ஆங்கிலப் பிரதியே செல்லும் என்கிறது
பிரிவு இருபத்திரண்டு.
யாரையும் கட்டாத சொல்தானே என்று
அடிக்காமல் விட்டேன்.

நேற்றுத் திரும்பி வந்தது, கையெழுத்தாகி.
டர்பன்காரர் ஒவ்வொரு பக்கத்திலும்
சுருக்கொப்பமிட்டிருக்கிறார்.
அந்தச் சொல்லுக்கு நேரே
தனியாக இன்னொன்று.
என்னவென்று நினைத்துப் போட்டாரோ.
காலையிலிருந்து அதைத்தான்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.